ஒரு ஃபைபர், 32 வீடு: ஆப்டிகல் ஸ்ப்ளிட்டர் எப்படி வேலை செய்கிறது, எப்படிக் கணக்குப் போட்டுப் பொருத்துவது

சென்னையில் எந்த அப்பார்ட்மென்ட்டில் ஃபைபர் நெட் பற்றிப் பேச்சு வந்தாலும் ஒரு கேள்வி கட்டாயம் வரும். "தெருவிலிருந்து வருவது ஒரே ஒரு ஃபைபர், அதை 32 வீட்டுக்குப் பிரிக்கிறார்கள், அப்படியென்றால் ஸ்பீடும் 32 பங்காகத்தானே வரும்?" இல்லை. ஸ்ப்ளிட்டர் பிரிப்பது வெளிச்சத்தை, ஸ்பீடை அல்ல. இது பிடிபட்டுவிட்டால் மீதி எல்லாம் கூட்டல் கழித்தல்தான். எட்டாவது படித்த கணக்கு போதும், ஆனால் அந்தக் கணக்கைப் போடாமல் இருக்கிற பெட்டியில் இன்னொரு ஸ்ப்ளிட்டரைச் செருகிவிட்டுப் போவதால்தான் பாதிக் கட்டடங்களில் மோடத்தில் சிவப்பு லைட் எரிகிறது.

அசோசியேஷன் வேலையை இழுத்துப் போட்டுச் செய்பவர்கள், புதிதாக ஃபைபர் வேலைக்கு வந்திருக்கும் தம்பிகள், கல்லூரியில் இதைச் சூத்திரமாக மட்டும் படித்தவர்கள், மூன்று பேரையும் மனதில் வைத்து எழுதுகிறேன். அடிப்படையிலிருந்து தொடங்கி, கணக்கு, வாங்குவது, பொருத்துவது, கோளாறு தேடுவது என்று வரிசையாகப் போகலாம்.

வெளிச்சம் போகும் பாதை

ஆபரேட்டரின் கண்ட்ரோல் ரூமிலோ டெலிபோன் எக்ஸ்சேஞ்சிலோ ஓஎல்டி என்றொரு பெட்டி இருக்கும். அதன் ஒவ்வொரு போர்ட்டிலிருந்தும் ஒரு ஃபைபர் கிளம்பும். அது தெருக் கம்பத்தில் தொங்கும் ஜாயின்ட் க்ளோஷருக்கு (ஃபைபர் இணைப்புகளை வைத்து மூடும் டப்பாவுக்கு) வந்து அங்கே ஒரு ஸ்ப்ளிட்டரில் பிரிந்து, பிறகு உங்கள் கட்டடத்துப் பெட்டிக்குள் இன்னொரு ஸ்ப்ளிட்டரில் பிரிந்து, கடைசியில் மெல்லிய டிராப் கேபிளாக வீட்டுக்குள் நுழைந்து ஓஎன்டி-யில் முடியும். நாம் பேச்சில் மோடம் என்று சொல்வது அந்த ஓஎன்டி-யைத்தான்.

ஓஎல்டி-க்கும் ஓஎன்டி-க்கும் நடுவில் கரண்ட் தேவைப்படும் பொருள் ஒன்றுகூடக் கிடையாது. அதனால்தான் இந்த நெட்வொர்க்குக்கு பேசிவ் ஆப்டிகல் நெட்வொர்க் என்று பெயர், சுருக்கமாக பான். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோதும் வேளச்சேரி, பள்ளிக்கரணை பக்கம் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. அப்படிப்பட்ட நேரத்திலும், கேபிள் அறுந்து போகாத வரை, கம்பத்தில் இருக்கும் ஸ்ப்ளிட்டர் தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். ஓஎல்டி பக்கம் ஜெனரேட்டரும் வீட்டில் இன்வெர்ட்டரும் இருந்தால் நெட் வரும். நடுவில் கரண்ட் கேட்கும் பெட்டி வைத்து ஓடிய பழைய நெட்வொர்க்குகளில் இது நடக்காது, அந்தப் பெட்டியின் பேட்டரி தீர்ந்ததும் தெருவே நின்றுவிடும்.

ஒரே ஃபைபரில் இரண்டு திசைப் போக்குவரத்தும் நடக்கிறது, அலைநீளம்தான் வேறு. நம்மூரில் பரவலாக இருக்கும் ஜிபான் முறையில் ஓஎல்டி-யிலிருந்து வீட்டுக்கு வருவது 1490 நானோமீட்டர், வீட்டிலிருந்து திரும்பிப் போவது 1310 நானோமீட்டர். கேபிள் டிவியையும் அதே ஃபைபரில் அனுப்புபவர்கள் அதற்கு 1550 நானோமீட்டரைப் பயன்படுத்துவார்கள். ஜிபான் போர்ட் ஒன்று கீழ்நோக்கி விநாடிக்கு 2.488 ஜிகாபிட்டும் மேல்நோக்கி 1.244 ஜிகாபிட்டும் தரும்.

கீழ்நோக்கி வருவது கோயில் திருவிழா ஒலிபெருக்கி மாதிரி. ஒருவருக்கான அறிவிப்பு தெரு முழுக்கக் கேட்கும், யாருக்கோ அவர் மட்டும் எழுந்து போவார். அதேபோல ஓஎல்டி அனுப்பும் எல்லாமே அந்த ஸ்ப்ளிட்டரில் தொங்கும் எல்லா வீட்டு ஓஎன்டி-க்கும் போய்ச் சேரும், ஒவ்வொன்றும் தன் எண் போட்டு வந்ததை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை விட்டுவிடும். பக்கத்து வீட்டுக்காரர் நம்முடையதைப் படித்துவிடுவாரோ என்று பயப்படுபவர்களுக்காகச் சொல்கிறேன்: ஜிபானில் ஒவ்வொரு ஓஎன்டி-க்கும் தனிச் சாவி வைத்து ஏஇஎஸ் 128 முறையில் பூட்டி அனுப்ப வழி இருக்கிறது.

மேல்நோக்கிப் போவது வேறு கதை. எல்லா வீடும் ஒரே நேரத்தில் 1310-ஐ அடித்தால் ஸ்ப்ளிட்டரில் வந்து எல்லாம் கலந்து குழம்பிவிடும், அதனால் யார் எப்போது பேச வேண்டும் என்பதை ஓஎல்டி மைக்ரோவிநாடிக் கணக்கில் பிரித்துக் கொடுக்கிறது. கண்ணாடிக்குள் வெளிச்சம் ஒரு கிலோமீட்டர் போக ஏறத்தாழ 5 மைக்ரோவிநாடி ஆகும். 1 கிலோமீட்டரில் இருக்கும் வீட்டின் பதிலும் 4 கிலோமீட்டரில் இருக்கும் வீட்டின் பதிலும் போய் வரும் நேரத்தில் 30 மைக்ரோவிநாடி வித்தியாசப்படும். ஓஎன்டி முதல் தடவை உயிர் பெறும்போதே ஓஎல்டி இந்தத் தூரத்தை அளந்து, ஒவ்வொன்றும் எவ்வளவு காத்திருந்து பேச வேண்டும் என்று சொல்லிவிடுகிறது.

இப்போது ஸ்பீட் கேள்விக்கு வரலாம். மைனஸ் 16 டிபிஎம் (வெளிச்சத்தை அளக்கும் அலகு, கீழே விளக்குகிறேன்) வாங்கும் வீட்டுக்கும், அதைவிடக் குறைவாக மைனஸ் 24 வாங்கும் வீட்டுக்கும் ஸ்பீட் ஒன்றுதான். வெளிச்சம் ஓஎன்டி-யால் படிக்க முடிகிற அளவுக்கு இருந்தால் முழு 2.488 ஜிகாபிட்டும் அதன் கண்ணுக்குத் தெரியும், எல்லைக்குக் கீழே போனால் பிழைகள் பெருகி இணைப்பு விட்டு விட்டு வரும் அல்லது போய்விடும். 32 பேரும் ஒரே விநாடியில் முழு வேகத்தில் இறக்கினால்தான் ஆளுக்கு 77 மெகாபிட் என்று பங்கு வரும், அப்படி நடப்பது அரிது. மாலை நேரத்தில் மட்டும் மெதுவாகிறது என்றால் அது ஸ்ப்ளிட்டர் கோளாறு அல்ல. போர்ட்டில் ஆள் நெரிசலாக இருக்கலாம், ஆபரேட்டரின் மேல் இணைப்பு போதாமல் இருக்கலாம், பல வீடுகளில் வெறும் வைஃபை பிரச்சனையாகவே இருக்கும்.

உள்ளே இருப்பது என்ன

ஸ்ப்ளிட்டரில் இரண்டு வகை உண்டு. தொழிலில் கப்ளர் என்று சொல்லப்படும் எஃப்பிடி ஒன்று, பிஎல்சி இன்னொன்று.

எஃப்பிடி செய்யும் விதத்தைப் பார்த்தால் இவ்வளவுதானா என்று தோன்றும். இரண்டு ஃபைபரின் மேல்பூச்சை உரித்து, பக்கம் பக்கமாக முறுக்கி, தீயில் இளக்கி மெதுவாக இழுக்கிறார்கள். இழுக்க இழுக்க கண்ணாடி மெலிந்து, இரண்டு ஃபைபரின் மையமும் நெருங்கி வரும். ஃபைபருக்குள் வெளிச்சம் மையத்துக்குள் மட்டுமே அடைந்து கிடப்பதில்லை, அதன் ஓரம் கொஞ்சம் வெளியே படர்ந்துதான் ஓடும். இரண்டு மையமும் போதுமான அளவு நெருங்கியதும் அந்தப் படர்ந்த ஓரம் பக்கத்து ஃபைபரைத் தொட்டு அதற்குள் ஏற ஆரம்பிக்கிறது. இன்னும் இழுத்தால் முழுவதும் அந்தப் பக்கம் போய்விடும், அதற்கும் மேலே இழுத்தால் திரும்ப இந்தப் பக்கமே வரும். இழுக்கும்போதே இரண்டு முனையிலும் பவரை அளந்துகொண்டிருந்து, வேண்டிய விகிதம் வந்ததும் நிறுத்திவிடுவார்கள். அதனால்தான் கப்ளரில் 50:50 மட்டுமல்ல, 10:90, 20:80, 30:70 என்று எந்த விகிதமும் கிடைக்கிறது. இந்தத் தாவல் அலைநீளத்தைப் பொறுத்து மாறும் என்பதுதான் குறை. 1310-க்குப் பார்த்து இழுத்த கப்ளர் 1490-இல் வேறு விகிதம் காட்டும், எனவே எந்தெந்த அலைநீளத்துக்கு ஏற்றது என்பதைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

பிஎல்சி ஒரு சிப். கம்ப்யூட்டர் சிப் செய்யும் அதே ஒளி அச்சு முறையில், ஒரு தகட்டின் மேல் கண்ணாடிப் பாதைகளை வரைந்துவிடுகிறார்கள். பாதை ஒய் எழுத்து மாதிரி இரண்டாகப் பிரியும், ஒவ்வொரு கிளையும் மறுபடி இரண்டாகப் பிரியும். 1:8, அதாவது ஒன்றை எட்டாகப் பிரிப்பது என்றால் மூன்று அடுக்கு, மொத்தம் 7 கிளைப்புகள். 1:32 என்றால் ஐந்து அடுக்கு, 31 கிளைப்புகள். சிப்பின் இரு பக்கமும் ஃபைபரை நுண்ணிய பள்ளத்தில் வைத்து ஒட்டுவார்கள். 1260 முதல் 1650 நானோமீட்டர் வரை கிட்டத்தட்ட ஒரே மாதிரி பிரிக்கும். எனக்கு இதில் மிகவும் பிடித்தது இதுதான்: நாளைக்கு ஆபரேட்டர் ஜிபானிலிருந்து 10 ஜிகாபிட் தரும் எக்ஸ்ஜிஎஸ்-பானுக்கு மாறினால் அலைநீளம் 1577, 1270 என்று ஆகிவிடும், ஆனாலும் அதே ஸ்ப்ளிட்டர் போதும். கம்பத்தில் ஏற வேண்டியதில்லை, கட்டடத்தில் எதையும் மாற்ற வேண்டியதில்லை.

டிபி கணக்கு

வெளிச்சத்தின் அளவை டிபிஎம்-இலும், அது எவ்வளவு குறைகிறது என்பதை டிபி-யிலும் (டெசிபெல்) சொல்வார்கள். 0 டிபிஎம் என்றால் 1 மில்லிவாட். 3 டிபி குறைந்தால் பாதி, 10 டிபி குறைந்தால் பத்தில் ஒன்று. பெருக்கல் வகுத்தல் எல்லாம் கூட்டல் கழித்தலாக மாறிவிடுவதுதான் இந்த அலகின் வசதி.

இரண்டாகப் பிரித்தால் 3 டிபி போவது இயற்கை விதி. அதன் மேல் சிப்பிலும் ஒட்டிலும் கொஞ்சம் சேதாரம் உண்டு. எனவே கணக்குக்கு இந்த எண்களை வைத்துக்கொள்ளுங்கள், நல்ல பிஎல்சி இதைத் தாண்டக் கூடாது:

1:2 என்றால் 3.8 டிபி
1:4 என்றால் 7.3 டிபி
1:8 என்றால் 10.5 டிபி
1:16 என்றால் 13.7 டிபி
1:32 என்றால் 17 டிபி
1:64 என்றால் 20.5 டிபி

ஃபைபரில் கிலோமீட்டருக்கு 1310-இல் 0.35 டிபி, 1490-இல் 0.25 டிபி போகும். இரண்டு ஃபைபர் முனையை மெஷினில் உருக்கி ஒட்டுவது ஸ்ப்ளைஸ், நல்ல ஸ்ப்ளைஸ் 0.1-க்குள் இருக்கும். கனெக்டர் ஜோடி ஒன்றுக்கு 0.4 என்று வையுங்கள்.

இங்கே பலரும் சறுக்கும் ஓர் இடம் இருக்கிறது. கீழே வரும்போது எட்டாகப் பிரிகிறது, சரி, மேலே போகும்போது ஒரு வீட்டின் வெளிச்சம் ஒரே வழியில்தானே போகிறது, அதற்கு எதற்கு இழப்பு என்று கேட்பார்கள். இழப்பு உண்டு, அதுவும் அதே 10.5 டிபி. ஒய் கிளைப்பில் ஒரு கிளை வழியாக வரும் வெளிச்சத்தில் பாதிதான் தண்டுப் பாதை தாங்கக்கூடிய வடிவத்தில் பொருந்துகிறது. மறு பாதி பொருந்தாத வடிவம் எடுத்து, பாதையை விட்டு வெளியே சிதறித் தகட்டுக்குள் கரைந்துபோகிறது. ஒவ்வொரு கிளைப்பிலும் இப்படிப் பாதி பாதியாகப் போகும். ஆகவே கணக்கை இரண்டு திசைக்கும் போட்டுத்தான் ஆக வேண்டும்.

எல்லைகள் எவை? ஜிபானில் அதிகம் புழங்கும் பி பிளஸ் வகை மாட்யூலில் (ஓஎல்டி போர்ட்டில் செருகும் லேசர் பாகத்தில்) ஓஎல்டி 1.5 முதல் 5 டிபிஎம் வரை அனுப்பும், ஓஎன்டி மைனஸ் 27 வரை படிக்கும், மொத்தம் 28 டிபி இழப்பைத் தாங்கும். சி பிளஸ் வகை 32 டிபி தாங்கும். மைனஸ் 27 என்பது 2 மைக்ரோவாட், ஒரு மில்லிவாட்டில் 500-இல் ஒரு பங்கு. அந்தத் துளியிலிருந்து விநாடிக்கு 248 கோடி பிட்டை ஓஎன்டி பிழையில்லாமல் படிக்கிறது என்பதை நினைத்தால் இன்றைக்கும் பிரமிப்பாகத்தான் இருக்கிறது.

மேல் எல்லையும் உண்டு. மைனஸ் 8-க்கு மேல் வெளிச்சம் வந்தால் ஓஎன்டி திணறும், ரொம்ப அதிகமானால் கெட்டும் போகலாம். மேசையில் வைத்து டெஸ்ட் பண்ணும்போது ஓஎல்டி-யையும் ஓஎன்டி-யையும் பேட்ச் கார்டு போட்டு நேராக இணைக்காதீர்கள். நடுவில் வெளிச்சத்தை வேண்டுமென்றே குறைக்கும் 15 டிபி அட்டென்யுவேட்டர் ஒன்றைப் போடுங்கள்.

ஒரு கட்டடத்துக்குக் கணக்குப் போடுவோம்

வடபழனியில் ஓஎல்டி, சாலிகிராமத்தில் அப்பார்ட்மென்ட், கேபிள் வழியாக 4 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மேப்பில் தெரியும் தூரத்தை எடுக்காதீர்கள். கேபிள் சந்து சந்தாகச் சுற்றித்தான் வரும், ஒவ்வொரு கம்பத்திலும் சுருள் கட்டித் தொங்கும், அதையும் சேர்த்துத்தான் நீளம்.

தெருக் க்ளோஷரில் 1:4, கட்டடத்தில் 1:8. இரண்டும் சேர்ந்து 32 வீடு.

ஃபைபர் 4 கிலோமீட்டருக்கு 1 டிபி. ஸ்ப்ளிட்டர் இரண்டும் 7.3 கூட்டல் 10.5, ஆக 17.8. ஸ்ப்ளைஸ் ஆறுக்கு 0.6. கனெக்டர் நான்குக்கு 1.6. மொத்தம் 21 டிபி. ஓஎல்டி 3 டிபிஎம் அனுப்பினால் வீட்டில் மைனஸ் 18 வரும். மைனஸ் 27 எல்லைக்கு இன்னும் 9 டிபி இருக்கிறது, தாராளம். மேல்நோக்கி ஃபைபர் மட்டும் 1.4 ஆகும், மொத்தம் 21.4. ஓஎன்டி 2 டிபிஎம் அனுப்பினால் ஓஎல்டி-க்கு மைனஸ் 19.4 போய்ச் சேரும், அதன் எல்லை மைனஸ் 28. இரண்டு பக்கமும் சரி.

கையிருப்பாகக் குறைந்தது 3 டிபி எப்போதும் இருக்கட்டும். மழைக்குப் பிறகு கம்பத்தில் ஒரு புது ஜாயின்ட் வரும், அடுத்த வருஷம் இன்னொன்று வரும், கனெக்டரில் தூசி ஏறும். அதற்கெல்லாம் அந்த 3 டிபி வேண்டும்.

இதே பாதையில் தெருவில் 1:4-க்குப் பதிலாக 1:8 போட்டு 64 வீடு ஆக்கினால் மைனஸ் 21.2. அதுவும் ஓடும். ஆனால் போர்ட் நிறைந்துவிட்டது என்று 1:4, 1:8 தாண்டி மூன்றாவதாக ஒரு 1:8-ஐக் கடைசி மாடியில் செருகினால்? மைனஸ் 18-இல் 10.5 கழித்தால் மைனஸ் 28.5. அந்த எட்டு வீட்டிலும் லைட் சிவப்புதான். ஸ்ப்ளிட்டரை எத்தனை அடுக்காக வைக்கிறோம் என்பது பெரிய விஷயமில்லை, மொத்த இழப்பு எங்கே போய் நிற்கிறது என்பதுதான் விஷயம்.

தூரம் 20 கிலோமீட்டர் ஆகி 64 வீடும் வேண்டுமென்றால் மேல்நோக்கி ஃபைபருக்கே 7 டிபி, ஸ்ப்ளிட்டருக்கு 21, மற்றவைக்கு 2.2, ஆக 30.2. பி பிளஸ் தாங்காது. சி பிளஸ் மாட்யூல் போட வேண்டும் அல்லது வீடுகளைக் குறைக்க வேண்டும்.

நீளமான தெருவுக்குக் கப்ளர்

கொளத்தூர், மடிப்பாக்கம் மாதிரி இடங்களில் ஒரே நீளத் தெருவில் கட்டடங்கள் வரிசையாக இருக்கும். தெரு முனையில் 1:4 வைத்தால் ஒவ்வொரு கட்டடத்துக்கும் தனி ஃபைபர் இழுக்க வேண்டும். கேபிள் ஆபரேட்டர்கள் டிவி காலத்திலிருந்தே செய்து வரும் வழி இதைவிடச் சிக்கனமானது: ஒரே ஃபைபரை முழுத் தெருவுக்கும் ஓட்டி, ஒவ்வொரு கட்டடத்திலும் கப்ளரால் கொஞ்சம் மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை அடுத்ததற்கு அனுப்புவது.

தெருவுக்குள் நுழையும்போது 1 டிபிஎம் என்று வைப்போம். முதல் கட்டடத்தில் 10:90. பத்து சதவீதக் காலில் ஏறத்தாழ 10.8 டிபி போகும், அதாவது மைனஸ் 9.8. அங்கே 1:8 போட்டால் வீட்டில் மைனஸ் 20.3. தொண்ணூறு சதவீதக் காலில் போவது 0.8 மட்டுமே, ஸ்ப்ளைஸுக்கு 0.2 சேர்த்தால் அடுத்த கட்டடத்துக்குச் சரியாக 0 போகிறது. அங்கே 15:85 போடுங்கள். எடுக்கும் காலில் 8.7 போய் மைனஸ் 8.7, 1:8 தாண்டி வீட்டில் மைனஸ் 19.2. கடக்கும் காலில் ஸ்ப்ளைஸோடு 1.2 போய் மைனஸ் 1.2. மூன்றாவதில் 20:80. எடுக்கும் காலில் 7.4, அதற்கப்புறம் 1:8, வீட்டில் மைனஸ் 19.1. கடப்பதில் ஸ்ப்ளைஸோடு 1.4 போய் மைனஸ் 2.6. கடைசியில் இருப்பது பெரிய அப்பார்ட்மென்ட் என்றால் கப்ளரே வேண்டாம், நேராக 1:32 போட்டால் வீட்டில் மைனஸ் 19.6.

மூன்று எட்டும் ஒரு 32-ம், ஆக 56 வீடு. முதல் கட்டடமும் கடைசிக் கட்டடமும் கிட்டத்தட்ட ஒரே அளவு வெளிச்சம் வாங்குகின்றன, எல்லாம் ஒரே ஃபைபரில். இந்த விகிதங்களை மாற்றி மாற்றிக் கணக்குப் போட்டுப் பார்ப்பதில் ஒரு தனி சுகமே உண்டு, காகிதத்தில் ஒரு தடவை நீங்களே போட்டுப் பாருங்கள். இந்த முறையில் இரண்டு தொல்லை இருப்பதையும் சொல்லிவிட வேண்டும். ஐந்தாவது கட்டடம் ஒன்று முளைத்தால் பழைய கணக்கு முழுவதையும் திரும்பப் போட்டு, ஒருவேளை கப்ளர்களையும் மாற்ற வேண்டி வரும். முதல் கட்டடத்தில் யாராவது கை வைத்து ஃபைபர் முறிந்தால் அதற்கப்புறம் இருக்கும் மூன்று கட்டடமும் அணையும். எங்கே வளர்ச்சி இருக்கும் என்று தெரியாத புதுப் பகுதிகளில், ஓஎம்ஆர் பக்கம் மாதிரி, நான் பிஎல்சி-யைத்தான் போடச் சொல்வேன்.

வாங்கும்போது

ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஸ்ப்ளிட்டர், அடாப்டர், பவர் மீட்டர் எல்லாம் கிடைக்கும். ஸ்டீல் குழாயில் வெறும் ஃபைபர் முனையோடு வருவது க்ளோஷருக்குள் ஸ்ப்ளைஸ் செய்ய, ஏபிஎஸ் பிளாஸ்டிக் பெட்டியிலும் கேசட்டிலும் கனெக்டரோடு வருவது கட்டடப் பெட்டிக்கு. பெட்டியோடு ஒரு டெஸ்ட் சீட்டு வரும், அதில் ஒவ்வொரு போர்ட்டின் இழப்பும் எழுதியிருக்கும். அதை நம்பி விடாமல் நிலையான லேசர் சோர்ஸ் ஒன்றும் பவர் மீட்டரும் வைத்து ஒவ்வொரு போர்ட்டையும் அளந்து பாருங்கள். 1:8-இல் போர்ட்டுக்குப் போர்ட் ஒரு டிபி-க்கு மேல் வித்தியாசம் இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

கனெக்டர் நிறத்தில் கவனம் வேண்டும். பச்சை என்றால் எஸ்சி/ஏபிசி, முனை 8 டிகிரி சாய்வாகத் தேய்த்திருக்கும். நீலம் என்றால் எஸ்சி/யுபிசி, சாய்வு கிடையாது. இரண்டையும் கோர்த்தால் முகத்தோடு முகம் சேராமல் இடைவெளி விழுந்து சில டிபி போய்விடும், முனையும் கீறலாம். ஸ்ப்ளிட்டருக்குப் பச்சையே நல்லது. எதுவும் செருகாமல் திறந்து கிடக்கும் நேர் முனையில் 4 சதவீத வெளிச்சம் வந்த வழியே திரும்பும், சாய்ந்த முனையில் அது ஃபைபரை விட்டு வெளியேறிவிடும். அதே ஃபைபரில் டிவியும் போகிறது என்றால் இந்த எதிரொளிப்பு படத்தைக் கெடுக்கும், எனவே அங்கே பச்சையைத் தவிர வேறு எதையும் யோசிக்காதீர்கள்.

பொருத்துவது

இடம் தேர்வு செய்வதில்தான் பாதி வேலை. மோட்டார் ரூம் வேண்டாம், ஈபி மீட்டர் பலகைக்கு ஒட்டியும் வேண்டாம். தரைத்தளத்தில் வைத்தே ஆக வேண்டும் என்றால், உங்கள் தெருவில் 2015-இல் தண்ணீர் எதுவரை ஏறியது என்று வாட்ச்மேனிடம் கேளுங்கள், அந்தக் கோட்டுக்கு மேலே வையுங்கள். ஸ்ப்ளிட்டருக்கு உள்ளே தண்ணீர் பட்டுக் கெடும் மின்சாரப் பாகம் எதுவும் இல்லைதான், ஆனால் சேற்றுத் தண்ணீர் கனெக்டர் முகத்தில் ஏறினால் எட்டு வீட்டையும் கழற்றித் துடைக்க வேண்டும். பெசன்ட் நகர், திருவான்மியூர் மாதிரி கடலோரத்தில் கிளாம்பும் ஆணியும் சீக்கிரம் துருப்பிடிக்கும், அங்கே ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போடுங்கள். கேபிள் நுழையும் துளைகளை அடைத்துவிடுங்கள், எலியும் எறும்பும் பல்லியும் பெட்டியைத் தேடி வரும்.

ஃபைபரைச் சுருட்டும்போது வளைவு முக்கியம். சாதாரண ஜி.652டி ஃபைபருக்கு 30 மில்லிமீட்டர் ஆரத்துக்குக் குறைவாக வளைக்கக் கூடாது. வளைவு தாங்கும் ஜி.657ஏ1 வகைக்கு 10, ஏ2 வகைக்கு 7.5 மில்லிமீட்டர் வரை போகலாம். வீட்டுக்குள் போகும் டிராப் கேபிளுக்கு இந்த ஜி.657 வகையைத்தான் கேட்டு வாங்க வேண்டும், சுவர் மூலையில் ஆணி அடித்து மடக்காமல் எந்த வீட்டிலும் வேலை முடியாது.

செருகும் முன் ஒவ்வொரு முனையையும் துடையுங்கள். புதுப் பாக்கெட்டிலிருந்து எடுத்ததாக இருந்தாலும் துடையுங்கள். வெளிச்சம் போகும் மையம் ஏறத்தாழ 9 மைக்ரான், தலைமுடியின் அகலத்தில் சுமார் எட்டில் ஒரு பங்கு. ஒரு தூசி போதும் பாதையை மறைக்க. சட்டையில் துடைப்பதும் வாயால் ஊதுவதும் நிலைமையை மோசமாக்கும். பஞ்சு உதிராத துடைப்பானும் ஐசோபுரொபைல் ஆல்கஹாலும், அல்லது பேனா மாதிரி அழுத்தும் கிளீனரும் பையில் இருக்கட்டும். பயன்படுத்தாத போர்ட்டுகளில் மூடியைக் கழற்றவே வேண்டாம்.

ஒன்று மறக்கக் கூடாது: முனைக்குள் கண்ணை வைத்துப் பார்க்காதீர்கள். இந்த வெளிச்சம் கண்ணுக்குத் தெரியாது. தெரியவில்லை என்பதால் இல்லை என்று ஆகாது, டிவிக்காக ஆம்ப்ளிஃபையர் போட்ட லைனில் அது பல மடங்கு பலமாகவே இருக்கும்.

அளப்பதும் கோளாறு தேடுவதும்

கட்டடப் பெட்டியில் ஸ்ப்ளிட்டருக்குள் நுழையும் ஃபைபரைக் கழற்றி பவர் மீட்டரில் 1490-இல் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். கழற்றியவுடன் எட்டு வீடும் போகும், எனவே சொல்லிவிட்டுச் செய்யுங்கள். அடுத்து ஒவ்வொரு அவுட்புட். 1:8 என்றால் நுழைந்ததைவிட 10.5-க்குள் குறைந்திருக்க வேண்டும். பிறகு வீட்டில், ஓஎன்டி-க்குள் போகும் முனையில். மேல்நோக்கி வருவதைச் சாதாரண மீட்டரால் சரியாக அளக்க முடியாது, ஓஎன்டி தன் முறை வரும்போது மட்டும் விட்டு விட்டுத்தான் அடிக்கும். அதற்கு நடுவில் செருகி அளக்கும் பான் பவர் மீட்டர் வேண்டும், அல்லது ஆபரேட்டரிடம் ஓஎல்டி என்ன காட்டுகிறது என்று கேட்கலாம்.

கோளாறு வந்தால் முதலில் எத்தனை வீடு என்று கேளுங்கள். எட்டும் போயிருந்தால் ஸ்ப்ளிட்டருக்கு முன்னால் ஏதோ ஆகியிருக்கிறது, ஒரு வீடு மட்டும் என்றால் அதன் போர்ட்டிலிருந்து ஓஎன்டி வரைக்குள். எட்டும் ஒரே அளவு குறைந்திருந்தாலும் முன்னால்தான் பார்க்க வேண்டும்.

மடங்கல் பிரச்சனையா, அழுக்கா என்று தெரிந்துகொள்ள ஒரு நல்ல வழி இருக்கிறது. ஒரே துண்டு ஃபைபரை 1310-இலும் 1550-இலும் அளங்கள். 1550-இல் இழப்பு மிக அதிகமாக இருந்தால் எங்கோ மடங்கியிருக்கிறது, நீள அலைதான் வளைவில் முதலில் வழிந்து வெளியேறும். இரண்டிலும் ஒரே மாதிரி கெட்டிருந்தால் கனெக்டரையோ ஸ்ப்ளைஸையோ பாருங்கள். ஓடிடிஆர் (ஃபைபருக்குள் வெளிச்சத் துடிப்பை அனுப்பி, திரும்பி வரும் எதிரொளியை வைத்துக் கோளாறு எத்தனை தூரத்தில் என்று காட்டும் கருவி) வைத்துத் தேடுபவர்கள் வீட்டுப் பக்கமிருந்து மேல்நோக்கிப் பாருங்கள். ஓஎல்டி பக்கமிருந்து பார்த்தால் ஸ்ப்ளிட்டர் தாண்டியதும் எல்லாக் கிளைகளின் எதிரொளியும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து, எது எந்த வீடு என்று பிரிக்க முடியாது. மற்ற வீடுகள் ஓடிக்கொண்டிருக்கும்போது அளப்பதென்றால் 1625 அல்லது 1650 நானோமீட்டர் உள்ள ஓடிடிஆர்தான்.

அப்புறம், குழப்பத்திலேயே பெரிய குழப்பம் ஒன்று. பவர் எல்லாம் நன்றாக இருக்கும், ஆனால் ஒரு ஸ்ப்ளிட்டரின் எல்லா வீடும் விட்டு விட்டுப் போகும். ஏதோ ஒரு வீட்டின் ஓஎன்டி கெட்டுப்போய், தன் முறை இல்லாதபோதும் வெளிச்சத்தை அடித்துக்கொண்டிருக்கலாம். அதன் வெளிச்சம் ஸ்ப்ளிட்டரில் ஏறி எல்லாருடைய பேச்சையும் மூழ்கடித்துவிடும். ஒவ்வொரு போர்ட்டாகக் கழற்றிப் பாருங்கள், எதைக் கழற்றியதும் மற்றவை நிமிர்கின்றனவோ அந்த வீட்டு ஓஎன்டி-யை மாற்ற வேண்டும். சில ஓஎல்டி-கள் இதைத் தாமே கண்டுபிடித்து அந்த ஓஎன்டி-யை அணைத்துவிடும்.

எல்லாம் முடிந்ததும் பெட்டி மூடியின் உள்பக்கம் ஒரு தாள் ஒட்டுங்கள். ஸ்ப்ளிட்டர் விகிதம், நுழையும் அளவு, எந்த நிற ஃபைபர் எந்த வீடு, போர்ட்டில் எவ்வளவு, வீட்டில் எவ்வளவு, தேதி. நீலம், ஆரஞ்சு, பச்சை, பழுப்பு, சாம்பல், வெள்ளை, சிவப்பு, கறுப்பு என்ற வரிசையில்தான் எட்டு ஃபைபரும் பொதுவாக வரும், அந்த வரிசையிலேயே மாடிகளைக் கொடுத்துவிட்டால் அடுத்து வருபவருக்குத் தேட வேண்டியிருக்காது. ஆறு மாதம் கழித்துப் பச்சைப் போர்ட்டில் அதே மைனஸ் 17.5 இருந்து வீட்டில் மட்டும் 3 டிபி குறைந்திருந்தால், கம்பத்தில் ஏறவே வேண்டாம். டிராப் கேபிளைத் தொட்டுக்கொண்டே போங்கள்: ஷாஃப்ட், கதவிடுக்கு, ஏசிக்குப் போட்ட துளை, டிவி மேசைக்குப் பின்னால் நசுங்கிக் கிடக்கும் அந்தக் கடைசி ஓரடி.